வாசு கேட்ட மீன்கள்

சுவா
6 மார்ச் 1994

செகையா மச்சானுக்கு,

இதைக் கப்பல் சமையற்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. போடுவதானாலும் படித்துவிட்டுப் போடு.

அப்பாவின் பத்தாம் இரவில் நான் எழுந்து பேசியதும் நீ ஊர் முன்னால் கேட்டாயே, அது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள அவருக்கு வைக்கிற விருந்தத் தட்டிப் பறிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" அத்தனை பேரும் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட உன்னை அதட்டவில்லை. அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அதனால்தான் மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறினேன்.

அன்றைக்குக் கோபத்தில் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை. ஊர்த் தலைவர் போனால் பவளத்திட்டில் படகு நுழைகிற வாசலில் கிளை நட்டு, யாரும் மீன் பிடிக்காதபடி கடலை மூடுவதும், நூறாம் இரவுக்குத் திறந்து பிடித்ததையெல்லாம் ஊருக்கு விருந்து வைப்பதும் எனக்குத் தெரியாததா? என் அப்பா பேரில் மூடிய கடல் அது. ஆனால் மூடிய சில நாளிலேயே அங்கே கலியா மீன் வந்துவிட்டது, மச்சான். நான் நீந்திப் போய்ப் பார்த்தேன். நெற்றி புடைத்து, நம் மார்பளவு நீளத்தில், பச்சைப் பசேலென்று ஒரு மந்தை பவளத்தைக் கடித்துக்கொண்டு போகிறது. நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் திட்டில் அது இல்லை. உன் அப்பா, என் மாமா, சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.

அது இரவில் ஒரே இடத்தில் கும்பலாகத் தூங்குகிற மீன். விளக்கும் ஈட்டியும் இருந்தால் ஒரு படகு போதும், மொத்தத்தையும் அள்ளிவிடலாம். பக்கத்துத் தீவில் அப்படித்தான் முடிந்தது. அங்கே இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. நம் ஊரில் வலைக்கும் ஈட்டிக்கும் பொறுப்பு உங்கள் மீனவர் குடி. அதில் இப்போது முன்னால் நிற்கிறவன் நீ. நீ தண்ணீரில் இறங்கவில்லை என்றால் வேறு யாரும் இறங்க மாட்டார்கள்.

திறக்க வேண்டாம் என்று சொல். நான் கேட்பது அது ஒன்றுதான்.

உனைசி

*

நாசாவு
19 மார்ச்

அத்தை மகளே,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என் பொண்டாட்டி வாசிதி பிடுங்கி எனக்கு முன்னால் படித்துவிட்டாள். அவள் படித்ததை நான் எரித்தால் அப்புறம் எனக்குக் கிழங்கு வேகாது.

நான் கேட்டது கேட்டதுதான். மாமன் மகன் திட்டினால் அத்தை மகள் ரெண்டு மடங்காகத் திருப்பித் திட்டணும். அதுதான் நம் முறை. நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினாய். சுவா நகரத்துத் தண்ணீர் உன்னைக் கெடுத்துவிட்டது. நல்லவேளை, உன்னை எனக்குக் கட்டிவைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூடின கடல் மீனுக்காக மூடினது இல்லை, உன் அப்பாவுக்காக. கிளையைப் பிடுங்கினால்தான் அவரை அனுப்பிவைத்த மாதிரி. பிடுங்கவில்லை என்றால் அவர் வாசலிலேயே நிற்பார். அவர் நிற்கிறவரைக்கும் என் அத்தைக்கு, உன்னைப் பெற்றவளுக்கு, துக்கம் முடியாது. கறுப்பைக் கழற்ற முடியாது, மீன் வாயில் வைக்க முடியாது. அவள் எங்கள் மீனவர் குடியில் பிறந்தவள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மீன் இல்லாமல் ஒரு நாள் தாங்காதவள். இப்போது வெறும் கிழங்கும் கீரையும் தின்று கன்னம் ஒட்டிப் போயிருக்கிறாள்.

அப்புறம் இந்தக் கலியா. அது தலைவர் வாய்க்கென்றே உள்ள மீன். இத்தனை வருஷமாக வராதது, தலைவர் போன பிறகு வருகிறது. ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? "தலைவரே அனுப்பி வச்ச சீருடா இது. வேண்டாம்னா அவர் மூஞ்சியில அடிச்ச மாதிரி." நீ அதைப் பார்த்து அழுகிறாய், நாங்கள் அதைப் பார்த்து நாக்கைத் தீட்டுகிறோம். இதில் எது பாவம் என்று நீயே சொல். சுறா தினம்தான் தின்கிறது. அதனிடம் போய்க் கேட்டாயா? சுறாவுக்கு உள்ள உரிமை என் பிள்ளைகளுக்கு இல்லையா?

தலைவர் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து வைப்பதுதான் எங்கள் குடிக்குக் கொடுத்த ஒரே வேலை. வெறுங்கையோடு வந்து நின்ற செகையா என்று என் பேரன் காலம் வரை பேசுவார்கள். அதற்கு நான் ஆள் இல்லை.

செகையா

*

சுவா
28 மார்ச்

மச்சானுக்கு,

அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீ எழுதிப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது.

ஆனாலும் சொல்கிறேன். கலியா பவளத்தைக் கடித்துத் தின்று, வயிற்றில் அரைத்து, மணலாகக் கழிக்கிறது. ஒரே ஒரு மீன் வருஷத்துக்கு எத்தனையோ கூடை மணல் போடுகிறது. நம் கரை வருஷா வருஷம் உள்ளே வருகிறதே, கோயிலுக்குப் பின்னால் இருந்த தென்னையெல்லாம் விழுந்ததே, அதற்கும் அது இல்லாமல் போனதற்கும் சம்பந்தம் இருக்கலாம். ஊர் நிற்க வேண்டுமென்றால் அது வேண்டும்.

சுறாவைக் கேட்டாய். சுறா பசித்தால் தின்னும், வயிறு நிறைந்தால் போய்விடும். அது விளக்குப் பிடித்துக்கொண்டு தூங்குகிறதைக் குத்துவதில்லை. வேண்டாம் என்று விட்டுவிட அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத்தான் பொறுப்பு.

இன்னும் பிறக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாம் கதையில் கேட்டதை அவர்களாவது கண்ணால் பார்க்கட்டுமே. நாளைக்கு அவர்கள் கேட்டால், "இருந்துச்சு, ஒரு ராத்திரி தின்னுட்டோம்" என்றா சொல்வாய்?

இதையெல்லாம் தள்ளிவைத்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை எப்படிச் சொன்னாலும் நீ சிரிப்பாய். அந்த மீன் நமக்காக இல்லை, மச்சான். மணலுக்காகவும் இல்லை, நம் பிள்ளைகள் பார்ப்பதற்காகவும் இல்லை. நாம் இந்தத் தீவுக்குப் படகில் வந்து இறங்குவதற்கு முன்பே அது அந்தத் திட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் உயிர் அதற்குச் சொந்தம். அது இருப்பதற்கு நம்மிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுது. என்னைப் பற்றிக் கேட்டாளா?

உனைசி

*

நாசாவு
10 ஏப்ரல்

உனைசிக்கு,

ஆக, நம் ஊர் நிற்பது மீன் பீயின் மேல். இதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சத்தமாகப் படித்துக் காட்டினேன். போதகர் இருமினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னும் கரையில் பாய் விரிக்கும்போதெல்லாம் ஒருத்தி மாற்றி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

சரி, மணலுக்காகத்தான் அது வேண்டுமென்றால், நாளைக்கு எவனாவது மணல் போடுகிற இயந்திரம் கொண்டுவந்து கரையில் வைத்தால் கலியாவைத் தின்னலாமா? அப்போதும் வேண்டாம் என்பாய். அப்புறம் எதற்கு மணல் கதை? எங்களை முட்டாள் என்று நினைத்து முதலில் லாபத்தைக் காட்டினாய். கடைசியில் சொன்னாயே, அதன் உயிர் அதற்குச் சொந்தம் என்று, அதுதான் உன் மனதில் உள்ளது. அதற்கு நான் சிரிக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. அப்படிப் பார்த்தால் கிழங்குக்கும் உயிர் இருக்கிறது, பன்றிக்கும் இருக்கிறது. எதைத்தான் தின்பது?

நீ வேலை பார்க்கிற கடல் பாதுகாப்பு அலுவலகத்து வெள்ளைக்காரர் போன வருஷம் வந்து எங்கள் திட்டில் முங்கி முங்கிப் படம் எடுத்தாரே, அவர் ஊரில் காடும் மீனும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பார். தின்று முடித்தவர்கள் வந்து, தட்டில் இன்னும் கை வைக்காதவனைப் பார்த்து எழுந்திரு என்கிறார்கள்.

நீ பிறக்காதவர்களுக்காகப் பேசுகிறாய். நான் செத்தவருக்காகப் பேசுகிறேன். நடுவில் உயிரோடு ஒருத்தி இருக்கிறாள், அவளுக்காகப் பேச யாரும் இல்லை. அத்தை உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கப்பல் வருகிற அன்றைக்கு மட்டும் பாய் முடைகிறதைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்து உட்காருகிறாள். எல்லாரும் இறங்கி முடிந்த பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறாள்.

ஊர் முடிவு பண்ணியாயிற்று. விருந்துக்கு முந்தின ராத்திரி விளக்கோடு இறங்குகிறோம்.

செகையா

*

சுவா
20 ஏப்ரல்

செகையா,

இனிமேல் வாதம் இல்லை.

நான் உங்கள் குடிக்கு வாசு. உங்கள் வீட்டுப் பெண் வயிற்றில் பிறந்தவள். தாய்மாமன் குடியில் எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடிக்க முடியாது. என் அப்பா தன் மாமன் வீட்டில் பன்றிப் பட்டியையே காலி பண்ணியிருக்கிறார், அவர்கள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்கள். நான் இதுவரை உங்களிடம் ஒரு துடுப்புக்கூட எடுத்ததில்லை.

இப்போது எடுக்கிறேன். திட்டு வாசலில் மேய்கிற கலியா மந்தை மொத்தமும் எனக்கு. இந்தக் கடிதம் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அவை என்னுடையவை. வாசு எடுத்ததைத் தொட உங்களில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்று பார்க்கிறேன். ஊர் கூடியிருக்கும்போது படித்துக் காட்டச் சொல்லி சமையற்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

உனைசி

*

நாசாவு
1 மே

அம்மா தாயே, மீன்காரியே,

சமையற்காரர் படித்தார். கப்பல் சமையலறையில் கத்திப் பழகின தொண்டை, அடுத்த விரிகுடா வரைக்கும் கேட்டிருக்கும். படித்து முடித்ததும் கிழவர் நெமானி, உன் அப்பாவுக்கு வாயாக இருந்து சபையில் பேசினவர், சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "அப்பன் பன்னியத் தூக்கினான், பொண்ணு கடலையே தூக்குறா. ரத்தம் எங்க போகும்?" என்றார். என் தம்பிகள் ரெண்டு பேர் ஈட்டி தீட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

ஏன் கோபம் என்று சொல்கிறேன். மார்ச் மாசம் அதன் உயிர் அதற்குச் சொந்தம் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை, வாசிதியைக் கேள். இப்போது உனக்குச் சொந்தம் என்கிறாய். அப்போ எது நிஜம்? நானாவது தின்னப் போகிறேன் என்று நேராகச் சொன்னேன். நீ மீனுக்கு நியாயம் பேசி, கடைசியில் மீனை உன் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாய்.

ராத்திரி முழுக்கச் சண்டை. வாசு கேட்டால் கொடுத்துத்தான் ஆகணும், அதில் யாருக்கும் மறு பேச்சு இல்லை. ஆனால் கடிதாசியில் கேட்ட வாசுவை இந்தத் தீவு இதுவரை பார்த்ததில்லை. நெமானிதான் சொன்னார்: "வாசு நேர்ல வந்து எடுக்கணும். கேட்டுட்டு வராம இருந்தா தாய்மாமனக் கேவலப்படுத்துன மாதிரி." சரிதான் என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் எழுந்தேன். இது என் கேள்வி, நெமானியுடையது இல்லை. தலைவருக்கு நூறாம் இரவில் கலியா வைக்கணும். கலியா உன்னுடையது என்றால், அதை வைக்க வேண்டியது நாங்கள் இல்லை, நீ. உன் மந்தையிலிருந்து ஒன்று. நான் பிடித்துத் தருகிறேன், நீ தூக்கிக்கொண்டு போய் வை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவளோடு நீயும் தின்னணும். மிச்சத்தை எவனும் தொட மாட்டான். வாசல் பக்கம் கிளை அப்படியே நிற்கட்டும், உள்கடலை மட்டும் திறக்கிறோம். விருந்துக்கு அங்கே ஓராவும் பாரையுமாக வேண்டிய அளவு மீன் இருக்கிறது.

முடியாது, ஒன்றைக்கூடக் கொல்லக் கூடாது என்றால், நீ வர வேண்டாம். ஆனால் அப்போது அது உன்னுடையதும் இல்லை. முந்தின ராத்திரி நாங்கள் இறங்குவோம்.

நீ வருவாய் என்று அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. வராவிட்டால் அவள் பாயைச் சுருட்டுவதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

செகையா

*

சுவா
8 மே

மச்சான்,

எது நிஜம் என்று கேட்டாய். கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து வீசினேன், அது வாசு உரிமையாக இருந்தது. அலுவலகத்தில் சொன்னேன். ஒன்று தின்ன ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பத்துக்கு எப்படி மறுப்பாய் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி. எல்லாரும் சரியாகவே பேசுகிறீர்கள், நான் மட்டும்தான் கிடந்து தவிக்கிறேன்.

வருகிறேன். அம்மாவிடம் சொல்.

உனைசி

*

சுவா
30 மே

மச்சானுக்கு,

விருந்து முடிந்து சுவா வந்து சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் அலை, மூன்று தடவை வாந்தி. நீ கட்டிக்கொடுத்த கிழங்கைச் சமையற்காரர் தின்றார்.

துறையில் கப்பலேறும்போது உன்னிடம் பேச முடியாததை எழுதுகிறேன். நீ அந்த மீனைக் கொண்டுவந்து என் கையில் கிடத்தினபோது அதன் அலகில் இன்னும் பவளப் பொடி ஒட்டியிருந்தது. என்னால்தானே செத்தது என்று நினைத்தேன். அதே நேரத்தில், இந்த ஒன்றால்தானே மற்றதெல்லாம் வெளியே நீந்துகிறது என்றும் நினைத்தேன். இரண்டும் நிஜம். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. அப்பாவின் பாய் முன்னால் வைத்துவிட்டு நான் அழுதது அப்பாவுக்கா மீனுக்கா என்று வாசிதி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

அம்மா முதல் வாய் எடுத்தபோது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மென்றாள், விழுங்கினாள், என்னைப் பார்த்தாள். பத்தாம் இரவுக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு: "இது உன் மீனாமே?"

"ஆமாம்மா."

"உப்புப் போதல. உன் மீன்னா நீதானடி பாத்துப் போட்டிருக்கணும்."

அதற்கப்புறம்தான் முள் எடுத்து எனக்கு ஊட்டினாள். மச்சான், ருசியாக இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்து, அவ்வளவு ருசி. அதுதான் எனக்கு ஆத்திரம். வாயில் வைக்க முடியாமல் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே விடு, விடு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் எந்தச் சட்டத்தில் காப்பாற்றினாய் என்று கேட்டார்கள். தாய்மாமன் வீட்டில் எடுத்துக்கொண்டேன் என்றேன். இன்னொரு தடவை சொல் என்றார்கள்.

வருஷம் ஒரு தடவை வந்து என் சொத்தைப் பார்க்க வேண்டும் என்று நெமானி சொன்னார் அல்லவா, வருவேன். அம்மாவை ஒரு தடவை படகில் கூட்டிப்போய் அதுகளைக் காட்டு. அவள் பிறந்ததிலிருந்து உயிரோடு பார்த்ததே இல்லையாம்.

உனைசி

*

நாசாவு
3 ஜூலை

அத்தை மகளே,

அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். படகிலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அடேயப்பா, இது ஒவ்வொன்னும் உங்க மாமா மாதிரியே நெத்தியத் தூக்கிட்டுப் போகுதுடா" என்று சொல்லிச் சிரித்தாள். கறுப்பைக் கழற்றிவிட்டாள். பூப்போட்ட சட்டை போடுகிறாள். கன்னத்தில் சதை வந்திருக்கிறது.

போன வாரம் ஒரு விஷயம் நடந்தது. பொழுது சாயும் நேரம், பக்கத்துத் தீவுப் படகு ஒன்று நம் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. விளக்கு, ஈட்டி எல்லாம் இருந்தது. இருட்டுக்குக் காத்திருக்கிறார்கள். நான் தனியாகத்தான் போனேன். அவர்கள் ஆறு பேர். என்ன மச்சான் இந்தப் பக்கம் என்றேன். சும்மாதான் என்றார்கள். நானும் சும்மாதான் சொன்னேன், உள்ளே இருக்கிறது எங்கள் வாசு எடுத்துக்கொண்ட மீன் என்று.

அவ்வளவுதான். விளக்கை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். வாசு எடுத்ததைத் தொட்டவன் தன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பான்? கொஞ்ச நேரம் யங்கோனா குடித்தோம். கிளம்பும்போது அதில் மூத்தவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "எங்க குடிக்கும் ஒரு வாசு இருக்கா மச்சான், லௌதோகா டவுன்ல தையல் வேலை பாக்குறா. அவ எங்க திட்டக் கேட்டான்னா, போனதெல்லாம் திரும்பி வருமா?" எனக்குத் தெரியாது, கேட்கச் சொல்லிப் பார் என்றேன். அவள் உன்னைத் தேடி வந்தால் கோபப்படாமல் பேசு. கடிதாசியில் கேட்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவை.

இன்னொன்றையும் சொல்கிறேன், சிரிக்காதே. மறுநாள் காலையில் நான் மட்டும் வாசலில் இறங்கினேன். ஈட்டி எடுத்துப் போகவில்லை. எனக்கு விவரம் தெரிந்து ஈட்டி இல்லாமல் கடலில் முங்கினது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அதுகள் பாட்டுக்குப் பவளத்தைக் கடித்துக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தச் சத்தம் பல்லில் கேட்கிறது. ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று பார்த்தது. மூச்சு முட்டுகிற வரைக்கும் நானும் பார்த்தேன்.

அது உன்னுடையது இல்லை, உனைசி. எங்களுடையதும் இல்லை. நீ மார்ச் மாசம் எழுதினதுதான் சரி என்று அந்த மூஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் இதை ஊரில் வெளியே சொல்ல மாட்டேன். யாருக்கும் சொந்தமில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே எவனாவது ஈட்டியோடு இறங்குவான். அதனால் உன்னுடையதாகவே இருக்கட்டும். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

செகையா